அடுப்படிக்குப் போன சோலையரசி

கொடுக்காப்பட்டியில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் எழுதப்படாதது, எழுதப்படாததால் யாராலும் அழிக்க முடியாதது: வயசுக்கு வந்த பிள்ளை கல்யாணம் ஆகிற வரைக்கும் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. ஏன் என்று கேட்டால், எந்தக் காலத்திலோ ஒருத்தி கல்லைத் தாண்டிச் சந்தைக்குப் போய் வளையல்காரனோடு திரும்பி வந்தாள் என்பார்கள், திரும்பியே வரவில்லை என்று சிலர் சொல்வார்கள், அந்தப் பக்கம் வளையல்காரனே வந்ததில்லை என்பவர்களும் உண்டு. கதையில்தான் கருத்து வேறுபாடு, கல்லில் இல்லை. உயர்நிலைப்பள்ளியோ கல்லுக்கு அந்தப் பக்கம், கரட்டுக்குன்றைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடக்கிற தூரத்தில், மேட்டுச்சந்தையில் இருந்தது. ஆகவே கொடுக்காப்பட்டிப் பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் கூட்டமாக நடக்கத் தொடங்கி, ஏழில் கொஞ்சம் உதிர்ந்து, எட்டில் இன்னும் கொஞ்சம் உதிர்ந்து, ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது தவசி கொத்தனார் மகள் சோலையரசி ஒருத்திதான். ஐப்பசி மழையில் ஒருநாள் அவளும் உதிர்ந்தாள்.

தாய்மாமன் பவுன்ராசு பச்சை ஓலை வெட்டி வந்து குச்சு கட்டினார். ரேடியோ செட் அலறியது. தட்டுவரிசை வந்தது. குச்சுக்குள் உட்கார்ந்து உளுந்தங்களியையும் நல்லெண்ணெயையும் விழுங்கிக்கொண்டிருந்த சோலை அழவில்லை. அவள் அதிகம் பேசாத பிள்ளை. பேசாத பிள்ளைகளின் வழக்கப்படி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். சீர் கொண்டுவந்த அத்தைகள் ஒருத்தி தட்டை ஒருத்தி எட்டிப் பார்ப்பதை ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே, மனசுக்குள் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையை ஓட்டிக்கொண்டிருந்தாள்: இப்போது தமிழ், இப்போது அறிவியல், இப்போது எஸ்தர் டீச்சர் முக்கோணத்தின் மூன்றாவது கோணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார், என்னை விட்டுவிட்டு.

சடங்கு முடிந்து குச்சைக் கொளுத்திய மறுநாள் காலை, அம்மா பஞ்சவர்ணம் சொன்னாள்: “இனிமே அடுப்படியும் கொல்லையுந்தான் ஒனக்கு. ஒல கொதிக்குது பாரு. போயி அரிசியப் போடு.”

சோலை அகப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படி நிலைப்படியைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்தாள். கால் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பதிந்தது.

எஸ்தர் டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தார். “லேட்டா வந்தா அனுமதி கேட்டுட்டு வரணும்.”

“வரலாமா டீச்சர்?”

“கையில என்ன?”

“அகப்பை டீச்சர்.”

“அத ஜன்னல்ல வெச்சிட்டு உக்காரு. ரெண்டு கோணம் அம்பதும் எழுபதும். மூணாவது?”

“அறுபது டீச்சர்.”

“உக்காரு.”

வகுப்பு சிரித்தது, அகப்பைக்காகத்தான் சிரித்தது, வேறெதற்கும் இல்லை. சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் சோலை அகப்பையை எடுத்துக்கொண்டு வகுப்பு வாசலைத் தாண்டினாள், தாண்டிய கால் அடுப்படிச் சாணித்தரையில் பதிந்தது. தீய்ந்த பானையைச் சுரண்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள்.

“எங்கடி போன?”

“பள்ளிக்கூடத்துக்கும்மா.”

“எந்த வழியா?”

“அடுப்படி வழியா.”

பஞ்சவர்ணம் மகளைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். “போறவ அரிசியப் போட்டுட்டுப் போறதுக்கென்ன?” என்றாள்.

மறுநாள் கொல்லை வாசல் வழியாக அனுப்பிப் பார்த்தார்கள், ஒன்பதாம் வகுப்பு. குளியலறைத் தட்டியை விலக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஈரத் துண்டோடு ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மணி அடிப்பதற்கு முன்னாலும் கடைசி மணிக்குப் பின்னாலும் வாசல் வெறும் வாசலாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்குட்டிபோல் சாதுவாக இருந்தது, மழைக்காக விடுமுறை விட்டால் ரேடியோவுக்கு முன்னால் அதற்குத் தெரிந்திருந்தது. தவசி கொத்தனாருக்கு இது தொழில்முறை அவமானம். ஊரில் பாதி வீட்டுக்கு நிலை வைத்தவர் அவர், ஒரு நிலையாவது இப்படி நடந்துகொண்டதில்லை. பிடுங்கிப் போடலாமென்றால் கன்னிப்பிள்ளை இருக்கிற வீட்டில் நவதானியம் போட்டு, மஞ்சள் துணி கட்டி நிறுத்திய நிலையைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் பிள்ளைக்கு வரன் அமையாது. ஆகவே நிலையை அப்படியே விட்டு நடுவில் செங்கல் வைத்துப் பூசி அடைத்தார், பக்கத்துச் சுவரில் ஆள் நுழைகிற ஓட்டை ஒன்று போட்டார், “நெலை இருந்தாத்தான வாசல்? இது வெறும் பொந்து. இதுல எப்படிப் போவான்னு பாப்போம்” என்றார். சோலை குனிந்து பொந்துக்குள் நுழைந்தாள். அன்று எஸ்தர் டீச்சர், தலையில் இருக்கிற சிமெண்டைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார்.

விஷயம் சாவடிக்குப் போனது. ஊர் நாட்டாமை சங்கையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“ஏம்ப்பா தவசி, ஒம்மக எல்லைக்கல்லத் தாண்டுனாளா?”

“இல்ல நாட்டாம.”

“வேற எங்க போனா?”

“அடுப்படிக்கித்தான் போனா.”

சங்கையா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: “அடுப்படிக்குப் போகாதன்னு ஒரு பொம்பளப் பிள்ளையப் பாத்துச் சொல்ல முடியுமாய்யா?”

முடியாது என்று சாவடி ஒப்புக்கொண்டது. அப்படிச் சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை ஒவ்வொரு ஆம்பிளையும் தன் வீட்டுச் சோற்றுப்பானையை நினைத்து யோசித்தார். பஞ்சவர்ணம் பெட்டியிலிருந்து சீருடையை எடுத்து உதறினாள்.

இப்படி ஒரு மாதம் போனது. பிறகு சங்கையாவுக்குப் பல்வலி வந்தது. கன்னம் பூசணியாக வீங்கி, கரட்டைச் சுற்றி நடக்க முடியாமல், மினி பஸ்ஸும் வழக்கம்போல் எங்கோ படுத்துவிட, அவர் தவசி வீட்டு முன்னால் வந்து நின்றார், நின்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். “ஆத்தா சோலை,” என்றார் கடைசியில், “தாத்தா கையக் கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?”

சோலை பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தார்கள். சங்கையா டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பல் டாக்டரைத் தேடிப் போனார், சாயங்கால மணிக்குள் வந்து கடைசி பெஞ்சில் காத்திருந்தார், மறுநாள் ஊரே தவசி வீட்டு முன்னால் வரிசையில் நின்றது.

வாசல் ஏன் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மூட்டை கொண்டுபோகலாம் என்றுதான் கேட்டார்கள். சோலை முதல் ஆளின் கையைப் பிடிக்க, அவர் அடுத்தவர் கையைப் பிடிக்க, ரேஷன் கடைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், மொய் செய்யப் போகிறவர்கள், கோழி விற்கப் போகிறவர்கள் என்று ஒரு நீளமான சங்கிலி அடுப்படிக்குள் நுழைந்து ஒன்பதாம் வகுப்பில் வெளியேறியது. எஸ்தர் டீச்சர் முதல் வாரம் கத்தினார், இரண்டாம் வாரம் சட்டம் போட்டார்: “பீடி வெளிய. கோழி வெளிய. வழி கேக்கறவங்க பாடம் முடிஞ்சதும் கேளுங்க.” வேலை சீக்கிரம் முடிந்தவர்கள் திரும்பிப் போகக் கடைசி மணி வரைக்கும் கடைசி பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருந்ததால், கொடுக்காப்பட்டி ஆண்கள் சாவடியில் செங்கோண முக்கோணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தவசி மட்டும் சேர்ந்துகொள்ளவில்லை. சுவர் எழுப்பும்போது மூலைமட்டத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து அடி பிடிக்கிறது தெரியாத கொத்தனார் உண்டா என்று நிலையில் வைத்த செங்கலைப் பெயர்த்துப் பொந்தை அடைத்துக்கொண்டே முணுமுணுத்தார்.

கோடை விடுமுறை முடிந்ததும் வாசல் தானாகவே பத்தாம் வகுப்புக்கு மாறியது. அப்போதுதான் பவுன்ராசு பூவும் தேங்காயுமாக வந்து இறங்கினார். ஆவணியில் முடித்துவிடலாம், பெண்ணைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், முறைமாமன் நான்தானே என்றார். நிலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சோலை வெளியே வந்தாள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் திறந்துவிட்டார்கள்.

“கூட்டிட்டுப் போறியா? எங்க வாசல ஒன் ஊருக்குத் தூக்கிட்டுப் போலாம்னு பாக்குறியா?”

“ஏப்பா பவுன்ராசு, பச்சப்பிள்ளைய்யா அது. பதினெட்டு ஆகாமக் கட்டிவெச்சா போலீஸ் வரும், தெரியுமா?”

இதைச் சொன்னவர் தன் மூன்று மகள்களையும் பதினெட்டுக்கு முன்னால் கட்டிக்கொடுத்தவர். சோலை அவரையே பார்த்தாள், அவர் முகத்தில் ஒரு சின்னச் சலனம்கூட இல்லை, அவ்வளவு மனசாரச் சொன்னார்.

“அப்ப நான் வீட்டோட மாப்பிள்ளையா இங்கயே இருந்துக்கறேன்” என்று பவுன்ராசு வீம்பாக மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். எஸ்தர் டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“மாப்பிள்ளைங்க.”

“யாருக்கு?”

பவுன்ராசு வகுப்பைப் பார்த்தார். சீருடையும் இரட்டைச் சடையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருக்குத் தன் மீசை திடீரென்று ரொம்பப் பெரியதாகப் பட்டது.

“தப்பா வந்துட்டேன் டீச்சர்” என்றார். கரட்டைச் சுற்றி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார், அந்த ஆவணியில் வேறொரு ஊரில் தன் வயசுக்கேற்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார், சோலைக்கு முதல் பத்திரிகை வைத்தார்.

இனி பயமில்லை என்றுதான் சோலை நினைத்தாள். சாவடியில் அவள் மேற்படிப்பைப் பற்றி அடிதடியே நடந்தது. நர்ஸுக்குப் படித்தால் வாசல் பெரியாஸ்பத்திரிக்குத் திறக்கும் என்றது ஒரு கட்சி. விவசாயக் கல்லூரிக்குப் போனால் விதையும் உரமும் நேராக அடுப்படிக்கே வரும் என்றது இன்னொன்று. கோர்ட்டு வாய்தாவுக்கு அலைகிற ஒருவர், பிள்ளை வக்கீலுக்குத்தான் படிக்க வேண்டும் என்று தேங்காய் உடைத்தார். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் படி படி என்று கொடுக்காப்பட்டியே ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துச் சொல்வதைக் கேட்க அவளுக்குச் சிரிப்பாகவும் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது.

சங்கையாவுக்கு ஒரு யோசனை தோன்றும்வரை அப்படித்தான் இருந்தது.

“தவசி வீட்ல எதுக்கு நித்தம் கால் கடுக்க நிக்கணும்?” என்று அவர் ஒருநாள் சாவடியில் கேட்டார். “அந்தப் பிள்ளைக்கு வாசல் எப்பத் தெறந்துச்சு? படிப்ப நிறுத்துன மறுநாள் தெறந்துச்சு. நம்ம வீட்டுப் பிள்ளைகளையும் நிறுத்துனா நம்ம வீட்டு வாசலும் தெறக்கும்ல?”

கணக்கு சரியாக இருந்தது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கற்ற கணக்கு. சங்கையா ஆறாம் வகுப்புப் படிக்கிற தன் பேத்தி அம்சவேணியை மறுநாளே நிறுத்தினார். வயசுக்கு வருகிற வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஊர் அவரைப் பின்பற்றியது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாரத்தில் வீட்டில் இருந்தார்கள், தினமும் காலையில் பெரியவர்கள் சுற்றி நின்று பார்க்க அடுப்படிக்குள் போகவும் வரவும் போகவும் வரவும் செய்தார்கள், செக்கு சுற்றுகிற கன்றுக்குட்டிகளைப்போல.

பத்தாம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே ஆறாம் வகுப்பு தெரியும். அங்கே கொடுக்காப்பட்டிப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு காலியாகக் கிடந்தது. அந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்த சோலைக்கு அன்றைக்குப் பாடம் எதுவும் ஏறவில்லை. என் வாசல்தான் இதைச் செய்தது என்று நினைத்தாள். சாயங்காலம் குழாயடியில் அம்சு அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, எனக்கு எப்பக்கா தெறக்கும்? தாத்தா நித்தம் நூறு தடவ தாண்டச் சொல்றாரு. காலு வலிக்குது. பின்னம் நடத்திட்டாங்களாக்கா? எனக்குப் பின்னம் இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருந்துச்சு.”

சோலை நிறைந்த குடத்தை நகர்த்தி வைத்தாள். தெரியாது என்று சொல்லலாம். தெறக்காது என்று உண்மையைச் சொல்லலாம், சொன்னால் தன் வாசலைத் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்பார்கள், நிறுத்திய பிள்ளைகளை நிறுத்தியபடியே விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொல்லி இந்த ஊரில் எதுவும் நடந்து அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மணி நெருங்கியபோது வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. சோலை வந்தாள், சீருடையோடு வந்தாள், அடுப்படி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“என்னாச்சு ஆத்தா? மணியாகுது” என்றார் முதல் ஆளாக நின்ற சங்கையா. அன்று அவருக்கு அடுத்த பல்.

“வாசல் கனக்குது தாத்தா.”

“கனக்குதா?”

“ஆமா. தெறக்க மாட்டேங்குது.” இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை, காது இரண்டும் சூடாகிவிட்டன, கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டாள். “வாசலுக்கு வழி மறந்துபோச்சு. கால் நடந்த வழிதான் அதுக்குத் தெரியும். நான் ஆறாப்புலேருந்து கரட்டச் சுத்தி நடந்து நடந்து அந்த வழியக் கால்ல வெச்சிருந்தேன், அத வெச்சுத்தான் தெறந்துச்சு. நிறுத்துனதுக்காகத் தெறக்கல தாத்தா. நடந்ததுக்காகத் தெறந்துச்சு. இப்ப ஊர்ல ஒரு பிள்ளையும் நடக்கல. வழி காஞ்சுபோச்சு.”

சங்கையா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் பார்வைக்கு முன்னால் சோலையின் கீழுதடு மறுபடியும் பல்லுக்குள் போனது, அவள் பொய் சொல்லும்போது மட்டும் போகிற உதடு, அது தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தி அடுப்படிக்குள்ளிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“ஆமா மாமா,” என்றாள் பஞ்சவர்ணம். “நாலஞ்சு நாளாவே நெலை மொனகுது. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. நாங்கூட எலின்னு நெனச்சேன்.”

எல்லாரும் தவசியைப் பார்த்தார்கள். கொத்தனார் சொல்லட்டும். தவசி மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து நிலையின்மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கினார். “எறங்கியிருக்கு” என்றார்.

“அப்ப நம்ம வீட்டு வாசல் தெறக்கணும்னா?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

“பிள்ளைக நடக்கணும்.”

“எத்தன நாளைக்கு?”

“அது பிள்ளையப் பொறுத்தது” என்றாள் சோலை. “சில பிள்ளைக்குப் பத்தாவதோட தெறக்கும். சிலதுக்குக் கூடவும் ஆகும்.”

“வயசுக்கு வந்துட்டா?”

“அப்பத்தான் நல்லா நடக்கணும். அப்ப நடக்குறதுதான் கால்ல ஒட்டும்.”

கூட்டம் சங்கையாவைத் திரும்பிப் பார்த்தது. சட்டம் சட்டம்தானே, வயசுக்கு வந்த பிள்ளை கல்லைத் தாண்டக் கூடாதே. சங்கையா வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு, “கல்லத் தாண்டக் கூடாதுன்னுதான் சட்டம்” என்றார் மெதுவாக. “கல்லு எங்க இருக்கணும்னு சட்டம் இல்ல.”

அன்றைக்கே டிராக்டர் வந்தது. கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பி, கற்பூரம் காட்டி, ட்ரெய்லரில் ஏற்றி, கரட்டைச் சுற்றிக்கொண்டு போய் மேட்டுச்சந்தைப் பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் நட்டார்கள். மேட்டுச்சந்தைக்காரர்கள் என்ன ஏது என்று கேட்டதற்கு, கொடுக்காப்பட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்றார் சங்கையா.

சோலை நினைத்துப் பார்க்காத ஒன்றும் அவள் பொய்யோடு சேர்ந்து வந்தது. பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும், வழி தெரிந்தவள் அவள்தான், காய்ந்துபோன வழியை நனைக்க அவளும் நடந்தாக வேண்டும். நிலைப்படியிலிருந்து ஒரே எட்டில் போய்ச் சேர்கிற சுகத்தை விட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும், வாசல் வெறும் வாசலாக இருக்கும்போதே, அவள் வீட்டை விட்டு இறங்கினாள். முதுகுக்குப் பின்னால் அடுப்படி இருட்டாக இருந்தது. மணி அடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் அது யாருக்காவது காத்திருக்குமா என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்ததும் கால் கொஞ்சம் தயங்கியது. அதற்குள் தெருவிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டுவிட்டார்கள்.

கரட்டு வழியில் பையும் தூக்குவாளியுமாகக் கூட்டம் நீண்டது. ஆறாம் வகுப்பு முன்னால் ஓடியது, எட்டாம் வகுப்பு பின்னால் கதை பேசியது, போன வருஷமே சடங்கு முடிந்து வீட்டிலிருந்த இரண்டு பேர் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நடுவில் வந்தார்கள். பல்வலிக்காரர்களும் கோழிக்காரர்களும் வேறு வழியில்லாமல் ரொம்பப் பின்னால் வந்தார்கள், அடுத்த மாதமே ஒழுங்காக ஓடுகிற பஸ் கேட்டு மனுக் கொடுப்பதென்று மூச்சிரைக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள். அம்சு மட்டும் சோலையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி, கல்லில் இரண்டு தடவை இடறியும் பார்வையை எடுக்காமல் நடந்தாள்.

“அக்கா.”

“ம்.”

“நெசமாவே தெறக்குமாக்கா?”

சோலையின் கீழுதடு பல்லுக்குள் போனது. அம்சு அதைக் கவனித்தாள். திரும்பிப் பார்த்தாள், தாத்தா தூரத்தில், கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, இவள் கால்களையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

“தாத்தா கேட்டா,” என்றாள் அம்சு குரலைத் தாழ்த்தி, “பாதி தெறந்திருக்குன்னு சொல்லட்டுமாக்கா?”

“சொல்லு” என்றாள் சோலை. “பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் பாதின்னே சொல்லு.”